அடோல்ஃப் சாக்ஸ்

அடோல்ஃப் சாக்ஸ் (நவம்பர் 6, 1814 – பெப்ரவரி 7, 1894) சாக்சபோனைக் கண்டுபிடித்த பெல்ஜிய இசைக்கருவி வடிவமைப்பாளர் ஆவார்.

வாழ்க்கை

தினான் நகரில் பிறந்த இவர், இசைக்கருவி செய்பவரான தம் தந்தையிடம் தொழில் கற்றார். 1842 இல் பாரிசில் குடியேறினார். 1846 இல் சாக்சபோனுக்குக் காப்புரிமை பெற்றார். போட்டியாளர்கள் இவரது காப்புரிமைகளை எதிர்த்துப் பல ஆண்டுகள் வழக்காடினர். 1852, 1873, 1877 ஆகிய ஆண்டுகளில் நொடித்துப் போன இவர், பாரிசில் காலமானார்.

வால்வு அமைப்பு

பித்தளை ஊதுகருவிகளில் வால்வை அழுத்தினால் காற்று கூடுதல் குழாய் வழியே சென்று சுருதி தாழும். பல வால்வுகளைச் சேர்த்து அழுத்துகையில் குழாயின் நீளம் போதாமல் சுருதி பிசகும். இதனைத் தீர்க்க, ஒவ்வொன்றும் தனித்து இயங்கும் ஆறு பிஸ்டன்கள் கொண்ட அமைப்பை சாக்ஸ் உருவாக்கினார். எடை மிகுந்த இவ்வமைப்பு பரவலாகவில்லை.

பழுதுபார்த்தல்

நெடுங்காலப் பயன்பாட்டில் பிஸ்டன் தேய்ந்தால், அதற்கும் உறைக்கும் இடையே காற்றுக் கசிந்து ஒலி தளரும். பிஸ்டன் மீது நிக்கல் முலாம் பூசி, உறைக்குப் பொருந்துமளவு தேய்த்து இது சீர்செய்யப்படுகிறது. ஆறு பிஸ்டன் கருவியில் இவ்வேலை இரு மடங்காகும். இதனால் கருவி மீண்டும் ஒலிக்கும். எனினும் அதை உருவாக்கியவரின் கைவேலைத் தடயங்கள் அழியக்கூடும் என்பதால், அருங்காட்சியகங்கள் பழைய கருவிகளைத் தேய்ந்த நிலையிலேயே பாதுகாப்பதும் உண்டு.