கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (1911 - 1977) தென்னிந்திய நவீன ஓவியக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர். இவரது முழுப்பெயர் கோவலேழி சீராம்பத்தூர் சங்கரன் பணிக்கர் என்பதாகும். சென்னை அரசு கலைத்தொழில் பள்ளியில் ஆசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் பணியாற்றினார். 1966 ஆம் ஆண்டில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாவதற்குக் காரணமாக இருந்தவர் என்ற வகையிலேயே இவர் இன்று பெரிதும் அறியப்படுகிறார். ஓவியர்களும் சிற்பிகளும் தம் வீட்டை ஒட்டியே பட்டறை அமைத்துக்கொண்டு, வருவோர் காணும்படி வேலை செய்து வாழ்ந்த ஊர் அது.

இளமையும் கல்வியும்

பணிக்கர் 1911 மே மாதத்தில் கோயம்புத்தூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே நிலக்காட்சி ஓவியங்கள் தீட்டத் தொடங்கினார். பதினேழாம் வயதில் சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில் இவரது படங்கள் இடம்பெற்றன. எனினும் குடும்பச் சூழலால் தந்தித் துறையில் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வேலையை விட்டு, 1936 இல் சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். வருமானம் உள்ள வேலையை விட்டுவிட்டுக் கலை பயில வந்தவர் என்பது, பிற்காலத்தில் தம் மாணவர்களின் பிழைப்பைப் பற்றி இவர் கொண்ட கவலையைப் புரிந்துகொள்ள உதவும்.

1850 இல் அலெக்சாண்டர் அண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்ட அப்பள்ளிக்கு 1929 முதல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்தார். சென்னை மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் இவரே. பணிக்கர் இவரிடம் பயின்று, பின் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1944 இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை ஏற்படுத்தினார். 1954 இல் ஐரோப்பா சென்று இலண்டன், பாரிசு முதலிய நகரங்களில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1957 இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றதும் பணிக்கர் முதல்வர் பொறுப்பை ஏற்று 1967 வரை அப்பதவியில் இருந்தார்.

ஓவியங்கள்

இவரது தொடக்ககாலப் படங்கள் பெரும்பாலும் நீர்வண்ண நிலக்காட்சிகள். 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையே இவருக்குத் தனி இடத்தைப் பெற்றுத் தந்தது. ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் புத்தகப் பக்கம் இதற்குத் தூண்டுதலாக அமைந்தது. எண்களும் கணிதக் குறிகளும் முதலில் இடம்பெற்றன. பின்னர் மலையாள எழுத்துகளும் சாதகக் கட்டங்களை ஒத்த வடிவங்களும் வந்தன. படத்தில் உள்ள எழுத்துகள் வாசிப்பதற்கானவை அல்ல. மலையாளம் அறிந்தவரும் அவற்றில் பொருள் காண இயலாது. கோடாகவும் வடிவாகவும் மட்டுமே அவற்றைக் கொள்ள வேண்டும்.

சோழமண்டலம் உருவான விதம்

1960களின் தொடக்கத்தில் கலைப் பள்ளியில் பயின்று வெளியேறிய இளைஞர்களுக்குத் தம் படைப்பை விற்று வாழும் வழி சென்னையில் அநேகமாக இல்லை. பள்ளி ஓவிய ஆசிரியர், இதழ்களுக்குப் படம் வரைபவர், துணி வடிவமைப்பாளர் போன்ற வேலைகளே கிடைத்தன. வேலைக்குப் போனவர்களுள் பலர் சில ஆண்டுகளில் சொந்தமாக வரைவதையே நிறுத்திவிட்டனர். இதற்கு மாற்றாகப் பணிக்கர் முன்வைத்தது கைவினை. கலைஞர் தம் நேரத்தின் ஒரு பகுதியில் விற்பனைக்குரிய கைவினைப் பொருள்களைச் செய்து உணவுக்கு வழி தேடிக்கொள்ள வேண்டும். மீதி நேரத்தில் யார் விருப்பத்துக்கும் வளையாமல் தம் படைப்பில் ஈடுபட வேண்டும் என்பதே திட்டம். இதற்கென ஓவியர் கைவினைஞர் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது.

இவர்கள் செய்த பொருள்களில் பாத்திக் துணிகள் முதன்மையானவை. துணியில் வண்ணம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசி, சாயத்தில் முக்கி, பின் மெழுகை நீக்கும் முறை இது. ஒவ்வொரு நிறத்துக்கும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். மெழுகில் விழும் கீறல்களின் வழியே சாயம் புகுந்து உண்டாகும் மெல்லிய கோடுகளே பாத்திக்கின் அடையாளம். ஓவியப் பயிற்சி பெற்றவர்கள் வரைந்த இத்துணிகள் நன்கு விற்பனையாயின. அவ்வருவாயைச் சேர்த்தே ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. வள்ளல் ஒருவரோ அரசோ நிறுவித் தந்த குடியிருப்பாக இது தொடங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சோழமண்டலம் என்ற பெயர் சோழ நாட்டைக் குறிக்கும்; ஐரோப்பியர் வழக்கில் கோரமண்டல் எனத் திரிந்த சொல்லும் இதுவே.

அந்நாளில் ஈஞ்சம்பாக்கம் நகருக்கு வெளியே இருந்த ஒரு கடற்கரைக் கிராமம். இன்றுள்ள அகன்ற கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது இல்லை. சுமார் 30 கலைஞர்கள் அந்த மணல்வெளியில் குடியேறினர். நகரத்துக் கலைக்கூடத்தை நம்பியிராமல், பார்ப்பவரையும் வாங்குபவரையும் தங்கள் இருப்பிடத்துக்கே வரச் செய்வது என்ற முடிவு துணிச்சலானது எனலாம்.

சிற்பிகளும் பட்டறைகளும்

பணிக்கர் ஓவியரே ஆயினும், இக்கிராமத்தால் மிகுந்த பயன் பெற்றவர்கள் சிற்பிகள் என்று கருத இடமுண்டு. ஓவியர் ஒரு வாடகை அறையிலும் வரையலாம். சுத்தியல் ஓசையும் உலையின் புகையும் உள்ள சிற்ப வேலைக்கு அது போதாது. பி. வி. சானகிராம் (1930 - 1995), அனிலா ஜேக்கப், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946 - 2017) முதலிய சிற்பிகள் சோழமண்டலத்தோடு தொடர்புடையவர்கள்.

சானகிராம் செப்புத் தகட்டைக் கையாண்டார். தகட்டைச் சூடேற்றி இளக்கி, பின்புறமிருந்து தட்டிப் புடைக்கச் செய்வது கோயில் மூர்த்திகளுக்குக் கவசம் செய்வோர் தலைமுறைகளாக அறிந்த தொழில். அதன்மேல் கம்பிகளையும் சிறு துண்டுகளையும் பற்றவைத்து ஆடையின் மடிப்பையும் அணிகளையும் இவர் உருவாக்கினார். பிள்ளையார், தேவி, இயேசு ஆகியோரின் உருவங்களை இவ்வாறு அமைத்தார். கருவறையில் உள்ள மூர்த்தியைப் போல இச்சிற்பங்களை முன்புறமிருந்தே காண வேண்டும். சுற்றிவந்து காணும் ஐரோப்பியச் சிற்ப மரபிலிருந்து இது வேறுபட்டது; ராய் சௌத்ரியின் வெண்கலச் சிலைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பெரிய வார்ப்பு உலையோ பல ஆட்களோ தேவையின்றி, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் தனியொருவர் செய்யக்கூடிய வேலை என்பதும் இம்முறை வேரூன்ற ஒரு காரணமாகலாம்.

நந்தகோபால் இதே முன்புறச் சிற்ப முறையைச் செம்பு, பித்தளை ஆகியவற்றில் மேலும் வளர்த்தார். சிற்ப அவதானிப்பில் ஆர்வமுள்ள மாணவர்கள் இருவரது படைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

வருவோரும் வாழ்வோரும்

கலைஞர் வேலை செய்யும் இடத்தை வெளியாருக்குத் திறந்து வைப்பது முற்றிலும் புதிது அன்று. சாந்திநிகேதனில் இராம்கிங்கர் பைஜ் 1938 இல் 'சந்தால் குடும்பம்' என்ற பெருஞ்சிற்பத்தைத் திறந்தவெளியிலேயே சரளைக்கல்லும் சிமிட்டியும் கொண்டு உருவாக்கினார். ஆயின் அது ஒரு கல்வி நிலையம். சோழமண்டலத்திலோ வருவோரின் பணமே வாழ்வாதாரத்தின் ஒரு பகுதி. கைவினைப் பொருள் வாங்க வந்தவர், முடியாத சிற்பத்தையும் பார்த்துச் செல்வார். பார்வையாளர் வருகை வேலைக்கு இடையூறாகவும் அமையும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எளிதில் விற்கும் பொருளே கலைஞரின் நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் அபாயமும் இத்திட்டத்துக்குள்ளேயே இருந்தது. அங்கு வாழ்ந்த அனைவராலும் இச்சமநிலையைக் காக்க முடிந்தது எனக் கூற இயலாது, சிலர் வெளியேறினர்.

வேறெங்கும் இடம் கிடைத்திருக்க வாய்ப்பில்லாத சிலருக்கு இவ்வூர் புகலிடமாகவும் இருந்தது. கனவுலகம் போன்ற கோட்டோவியங்களை வரைந்த கே. இராமானுஜம் அவர்களுள் ஒருவர். பணிக்கரின் ஆதரவில் வளர்ந்த இவர் சோழமண்டலத்தில் வாழ்ந்து, 1973 இல் இளம் வயதிலேயே மறைந்தார்.

இறுதிக்காலமும் பின்னரும்

1967 இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் பணிக்கர் ஓவியத்திலும் கிராமத்தின் பணிகளிலும் ஈடுபட்டார். 1976 இல் லலித் கலா அகாதமி இவருக்கு உறுப்பாண்மைச் சிறப்பு வழங்கியது. 1977 சனவரியில் காலமானார். திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தில் இவரது ஓவியங்களுக்கெனத் தனிக் கூடம் உள்ளது.

நிறுவனர் மறைந்த பிறகும் சோழமண்டலம் தொடர்ந்து இயங்கியது. கருங்கல், உலோகச் சிற்பங்கள் நிறைந்த திறந்தவெளிப் பூங்கா அங்கு உள்ளது. 2009 இல் சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் ஒன்று அவ்வளாகத்தில் திறக்கப்பட்டது. பணிக்கர், சானகிராம், இராமானுஜம் உள்ளிட்டோரின் படைப்புகளை அங்கு காணலாம்.