ஆழ்கடல் துணிந்த சிதம்பரனார்

திண்டுக்கல் சமவெளியில் வாழும் நாம் ஆழ்நீரைக் கிணற்றிலன்றிக் காண்பதரிது. மலைக்கோட்டையின் உச்சியேறி நோக்கினும் கண்ணுக்கெட்டிய மட்டும் நிலமேயன்றிக் கடலில்லை. எனினும், கடலிற் கப்பல் விட்ட பெரியாரொருவரின் வரலாறு நமக்கு அயலானதன்று. அவருடன் சிறை புகுந்த சுப்பிரமணிய சிவா நம் வத்தலக்குண்டிற் பிறந்தவரே. ஆதலின், வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்திற் பிறந்தார். வழக்கறிஞராகித் தூத்துக்குடியிற் குடியேறினார். அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பலோட்டும் வாணிகம் ஆங்கிலக் கம்பெனியார் கையகத்தேயிருந்தது. அதனை மாற்றக் கருதி, 1906 அக்டோபரிற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பல்கள் ஓடின. பின்னர், காலியா, லாவோ என்னும் சொந்தக் கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன.

அக்காலத்தில் தூத்துக்குடிக் கரையோரம் ஆழமற்றிருந்தது. பெருங்கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. மக்களையும் மூட்டைகளையும் படகுகளும் தோணிகளும் கொண்டு சேர்த்தன. கப்பலுக்கு ஆழ்நீர் பகையன்று. தரைதட்டச் செய்யும் ஆழமில்லா நீரே பகை.

பிள்ளையவர்களின் முயற்சிக்கும் இடர் கரையிலேயே நேர்ந்தது. போட்டிக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். இலவசமாகவும் ஏற்றிச் செல்ல முன்வந்தனர். 1908 மார்ச்சிற் பிள்ளையவர்களும் சிவாவும் சிறைப்பட்டனர். ஜூலையிற் பிள்ளையவர்களுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையிற் செக்கிழுத்தார். தலைவரையிழந்த கம்பெனியைத் தாங்கி நிறுத்துவாரிலர். 1911இல் அது கலைந்தது, கப்பல்களும் விலைபோயின.

1912 டிசம்பரில் விடுதலை பெற்றும் வறுமை அவரை விட்டிலது. அந்நிலையிலும் திருக்குறள் மணக்குடவருரையைப் பதிப்பித்துத் தமிழுக்குத் தொண்டாற்றினார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். அந்நகரில் 1974ஆம் ஆண்டு முதல் பெருந்துறைமுகமாய் விளங்கும் ஆழ்கடல் துறைமுகம், 2011 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மாணவத் தோழர்களே! அவர் கப்பல் கடலின் ஆழத்தில் மூழ்கவில்லை. கரையிலிருந்த நம்மவரின் உறுதி ஆழமற்றிருந்தமையால் தரைதட்டிற்று. நல்லதொரு முயற்சி தொடங்குங்கால் ஆரவாரித்தல் எளிது. அதன் துன்பநாளில் உடன்நிற்றல் அரிது. கடல் காணா ஊரினராகிய நாமும் அவ்வரிய செயலைக் கற்போமாக.