பருப்புச் சட்டிக்குக் காவல் வேண்டாம் என்று காட்டிய டாக்டர்!

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு மொச்சை வருகிறது. பேரையூர், டி.கல்லுப்பட்டி கரிசல் காடுகளிலிருந்து துவரையும் பாசிப்பயறும் தட்டைப்பயறும் வருகின்றன. கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். காசைக் கொடுத்தால் வாங்கி வந்துவிடலாம். வேக வைப்பதுதான் பெரும்பாடு!

காய்ந்த மொச்சையை முதல் நாள் இரவே ஊறப் போட வேண்டும். காலையில் அடுப்பில் ஏற்ற வேண்டும். விறகு அடுப்பு என்றால் பக்கத்திலேயே ஒருவர் காவல் இருக்க வேண்டும். தீ ஓங்கினால் பொங்கி வழியும். தணிந்தால் பயறு கல்லாகவே கிடக்கும். தண்ணீர் சுண்டிவிட்டால் அடிப்பிடிக்கும். ஊதுகுழலும் கையுமாக, கண்ணைக் கசக்கிக்கொண்டு, நம் பாட்டிமார்கள் வாழ்நாளில் பாதியை அந்தப் புகையிலேயே கழித்தார்கள்.

இந்தக் காவல் வேலை இல்லாமலே பருப்பும் சோறும் வேகச் செய்ய முடியுமா என்று ஒருவர் யோசித்தார். அவர் சமையற்காரர் அல்ல. பாத்திர வியாபாரியும் அல்ல. தத்துவம் படித்தவர். பௌதிகம் படித்தவர். சட்டம் படித்தவர். அதற்கும் மேலே டாக்டருக்குப் படித்தவர். அவர் பெயர் இந்துமாதவ் மல்லிக். வங்காளத்தைச் சேர்ந்தவர். 1910-ம் ஆண்டில் அவர் செய்து காட்டிய 'இக்மிக் குக்கர்' அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று.

தேர் ஓடும் ஊர்

இந்துமாதவ் 1869-ம் ஆண்டில் பிறந்தார். ஊர் குப்திபாரா. ஹூக்ளி மாவட்டத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறது. மதுரைக்குச் சித்திரைத் தேர் எப்படியோ, அப்படிக் குப்திபாராவுக்கு ஆடி மாதத்தை ஒட்டி வரும் ரத யாத்திரை. பூரியில் ஜகந்நாதர் தேர் ஓடும் அதே நாட்களில் இங்கும் தேர் ஓடும். தேர் திரும்புவதற்கு முதல் நாள் ஒரு வேடிக்கை நடக்கும். சுவாமிக்குப் படைத்த பண்டங்களை மண் சட்டிகளில் நிரப்பி ஓர் அறையில் அடுக்கிவிடுவார்கள். கதவைத் திறந்ததும் ஊரார் பாய்ந்து சென்று சட்டிகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். மண் சட்டியும் அதில் வெந்த பண்டமும் இந்துமாதவின் ஊருக்குப் புதியவை அல்ல.

அந்தக் காலத்தில் ஒரு பட்டம் வாங்கியவரையே ஊர் கூடி வேடிக்கை பார்க்கும். இவரோ பட்டத்தின் மேல் பட்டமாக வாங்கினார். எம்.ஏ. பட்டத்தைத் தத்துவத்திலும் பெற்றார், பௌதிகத்திலும் பெற்றார். பிறகு சட்டப் பட்டம். வக்கீல் தொழிலோடு நின்றுவிடவில்லை. மருத்துவமும் படித்துப் பட்டம் வாங்கினார். கல்கத்தாவில், கிரீஷ் சந்திர போஸ் 1887-ல் தொடங்கிய வங்கவாசி கல்லூரியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். ஒரே ஆசிரியர் பல பாடங்களை நடத்தினார் என்றால் மாணவர்களுக்குக் கொண்டாட்டமா, திண்டாட்டமா என்று யோசிக்கத் தோன்றுகிறது!

டாக்டராக அவர் ஒரு புது வழியையும் கையாண்டார். நோயாளியின் உடம்பிலிருந்தே கிருமியை எடுத்து, அதைக் கொன்று, அதே நோயாளிக்கு ஊசி மருந்தாகப் போடும் முறை அது. இந்தியாவில் அதை முதன்முதல் பயன்படுத்தியவர்களில் ஒருவராக அவரைக் குறிப்பிடுவார்கள்.

கப்பல் ஏறினார்

கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று பலர் பயந்த காலம். இந்துமாதவ் பயப்படவில்லை. கீழ்த்திசைக் கடலில் கப்பல் ஏறிச் சீனா வரை போய் வந்தார். பார்த்ததை எல்லாம் வங்காளி மொழியில் எழுதினார். அந்த நூல் 1906-ம் ஆண்டில் வெளிவந்தது.

ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்றால் நம் பக்கத்தாருக்குப் புதிய பெயர்கள் அல்ல. மதுரைக்குக் கிழக்கே உள்ள காரைக்குடி வட்டாரத்துச் செட்டிமார்கள் அந்த ஊர்களிலே கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்துவந்தார்கள். வீட்டுப் பெண்களை ஊரில் விட்டுவிட்டுப் போனவர்கள் சோற்றுக்குச் சமையல் ஆளையும் அழைத்துப் போக வேண்டியிருந்தது. வெளியூர் போன ஆண்பிள்ளைக்குச் சோறு எங்கே கிடைக்கும் என்ற கவலை தமிழனுக்கும் உண்டு, வங்காளிக்கும் உண்டு.

கல்கத்தாவிலும் அதே கதைதான். கிராமத்திலிருந்து படிக்க வந்த பிள்ளைகளும், ஆபீஸ் குமாஸ்தாக்களும் பத்துப் பேர் இருபது பேராகச் சேர்ந்து 'மெஸ்' நடத்தினார்கள். கூலிக்கு ஒரு சமையற்காரர் வருவார். அவர் கை சுத்தம் எப்படியோ, தண்ணீர் எப்படியோ! காலரா ஓயாமல் வந்துபோன நகரம் அது. காலராக் கிருமியை ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் 1884-ல் அங்கேதான் தனியாகப் பிரித்துக் காட்டினார். நன்றாகக் கொதித்து, மூடியபடியே இருந்து, சூடாக இலைக்கு வரும் உணவில் அந்தக் கிருமிக்கு இடம் இல்லை. இது ஒரு டாக்டருக்குத் தெரியாமல் இருக்குமா?

பானை மேல் பானை

பூரி ஜகந்நாதர் கோவில் மடைப்பள்ளியைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். அங்கே ஓர் அடுப்பின் மேல் மண் பானைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கீழே விறகு எரியும். ஆவி மேலே மேலே ஏறும். சோறும் பருப்பும் காய்கறியும் ஒரே தீயில் வெந்துவிடும். மேல் பானைதான் முதலில் வேகும் என்பது பக்தர்கள் நம்பிக்கை.

நமக்கும் ஆவி புதிதல்ல. இட்லிக் கொப்பரையும் இடியாப்பத் தட்டும் இல்லாத மதுரை வீடு ஏது? ஆனால் சோறு, பருப்பு, கறி என்று ஒரு வேளைச் சாப்பாடு முழுவதையும் ஒரே ஆவியில், ஒரே பெட்டிக்குள் அடக்குவதுதான் இந்துமாதவ் கண்ட வழி.

பெட்டி என்ன? நீண்ட உருளை போன்ற ஒரு வெளிப் பாத்திரம். அடியில் கரி போடும் இடம். அதற்கு மேலே தண்ணீர். அதன் மேல், அடுக்கு டிபன் காரியர் போலச் சில கிண்ணங்கள். ஒன்றிலே அரிசியும் தண்ணீரும். இன்னொன்றிலே பருப்பு. வேறொன்றிலே காய்கறி. அசைவக்காரர்களுக்கு இறைச்சிக்கு ஒரு கிண்ணம். எல்லாவற்றையும் அடுக்கி, மூடி, கரியைப் பற்ற வைத்துவிட வேண்டியதுதான். காலேஜுக்கோ கச்சேரிக்கோ போகலாம். திரும்பி வந்து திறந்தால் சாப்பாடு தயார்! கரி கனலும்போது நச்சு வாயு வரும் என்பதால், காற்றோட்டம் உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும்.

இதிலே இரண்டு சூட்சுமங்கள் இருக்கின்றன. பௌதிகம் படித்தவர் மூளை அங்கேதான் தெரிகிறது.

முதலாவது, தண்ணீர். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீரின் சூடு ஏறத்தாழ 100 டிகிரிக்கு மேல் போகாது. கிண்ணத்தைச் சுற்றி இருப்பது ஆவிதான். நெருப்பு நேரே படுவதில்லை. ஆகவே பருப்பு அடிப்பிடிக்காது. கிளறவும் வேண்டாம்.

இரண்டாவது, கரி. அளந்து போட்ட கரி மெல்லக் கனன்று, தானாகவே அவிந்துவிடும். தீயை அணைக்க ஆள் வேண்டாம். கரியே கடிகாரம்! எத்தனை கரி போட்டால் எத்தனை நேரம் எரியும் என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டால் போதும்.

சுகாதாரத்துக்கு ஆங்கிலத்தில் ஹைஜீனிக் என்பார்கள். சிக்கனத்துக்கு எக்கனாமிக். இரண்டின் வாலையும் ஒட்டி 'இக்மிக்' என்று பெயர் வைத்தார். காலமும் கை கொடுத்தது. 1905-ல் வங்காளத்தை வெள்ளைக்காரன் இரண்டாகப் பிரித்ததும், சீமைச் சாமான் வேண்டாம் என்று நாடே எழுந்தது. 1906-ல் நம் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். நம் நாட்டு ஆள், நம் நாட்டுச் சாப்பாட்டுக்காகச் செய்த அடுப்பை வங்காளிகள் விரும்பி வாங்கினார்கள். படிக்கும் பிள்ளைகளும், தனியாக இருந்த உத்தியோகஸ்தர்களும், பயணம் போகிறவர்களும் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பயறு ஏன் அடம் பிடிக்கிறது?

காய்ந்த பயறுக்கு வேண்டியது பெருந்தீ அல்ல. தண்ணீரும் நேரமும்தான். பயறின் உள்ளே சின்னஞ்சிறு அறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை ஒட்டவைத்திருக்கும் பசை போன்ற பொருள் சூட்டில் மெல்லக் கரைய வேண்டும். அது கரைந்தால்தான் பயறு குழையும். தீயை ஓங்கவிட்டால் தோல் வெடிக்கும், நடு வேகாது.

கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் பருப்பு வேகாது என்று கிராமத்துப் பெண்கள் சொல்வது முழு உண்மை. கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் பசையை இன்னும் இறுக்கிவிடுகிறது. புளியும் அப்படித்தான். மொச்சைக் குழம்புக்கு மொச்சை வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்றுகிறார்களே, காரணம் இதுதான். பல மாதம் கிடந்த பழைய பயறும் லேசில் வேகாது. இக்மிக் குக்கராக இருந்தாலும் முதல் நாளே ஊறப் போட்டால்தான் மொச்சை பூவாக வேகும்.

இதே யோசனை வெகு தூரத்தில் இன்னொருவருக்கும் வந்தது. அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்று ஒரு யூத எஞ்சினீயர். அவருடைய தாய் லிதுவேனியா நாட்டிலிருந்து வந்தவர். யூதர்கள் சனிக்கிழமை அடுப்பு மூட்ட மாட்டார்கள். ஆகவே அந்த நாட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பீன்ஸ் பயறும் இறைச்சியும் போட்ட சட்டியை ரொட்டிக் கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்கள். ஆறுகின்ற அடுப்பின் சூட்டில் அது இரவெல்லாம் வேகும். தாய் சொன்ன இந்தக் கதையைக் கேட்டு மகன் மின்சாரத்தில் ஒரு சட்டி செய்தார். 1940-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பயறு வேக வைப்பதற்கென்றே அது விற்றது. பின்னால் வேறொரு கம்பெனி அதை வாங்கி, 1971-ல் 'கிராக் பாட்' என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் பரப்பியது. இன்று 'ஸ்லோ குக்கர்' என்று நம் ஊர்க் கடைகளிலும் கிடைப்பது அந்த வம்சம்தான்.

இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. இக்மிக் குக்கரில் தண்ணீர் கொதித்து ஆவி வரும். மின்சாரச் சட்டியிலோ சூடு மெல்ல ஏறும். பல நேரம் கொதிநிலைக்குக் கீழேயே நிற்கும். துவரம்பருப்புக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் சிவப்பு ராஜ்மாவுக்கு ஆபத்து! அந்தப் பயறில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். அரை வேக்காட்டில் தின்றால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் பேதியும் வரும். ஆகவே ராஜ்மாவை இரவெல்லாம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரை மணி கொதித்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகே மின்சாரச் சட்டியில் போடலாம். நேரே போடுவது கூடாது.

சட்டி நிலைத்தது

இந்துமாதவ் மல்லிக் 1917-ம் ஆண்டில் காலமானார். வயது ஐம்பதுகூட நிரம்பவில்லை. குக்கரைச் செய்து காட்டி 7 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தத்துவம், பௌதிகம், சட்டம், மருத்துவம் என்று அவர் அலைந்து தேடிய கல்வியில் பெரும்பகுதி அவரோடு போயிற்று. நின்றது ஒரு கரிப் பெட்டி.

அந்தப் பெட்டி அவர் போன பிறகும் பல்லாண்டுகள் வங்காளத்தில் விலை போனது. நம் தமிழ்நாட்டிலும் அதே வகைக் கரிக் குக்கர் 'ருக்மணி குக்கர்' என்ற பெயரில் வந்தது. பெரியவர்கள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கும். வேலைக்காக வெளியூர் போய்த் தனியாகக் குடியிருந்தவர்களுக்கும், தீர்த்த யாத்திரை போனவர்களுக்கும் அது பெரிய துணை.

1950-களின் இறுதியில் பிரஷர் குக்கர் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கியது. ஆவியை அடைத்து வைத்துச் சூட்டை ஏறத்தாழ 120 டிகிரிக்கு ஏற்றும் பாத்திரம் அது. பருப்பு ஒரு சில விசிலில் வெந்துவிட்டது. மறுபடியும் ஒருவர் பக்கத்தில் நின்று விசிலை எண்ண வேண்டியதாயிற்று. கரிக் குக்கர் பரணுக்குப் போனது.