கயிற்றுக்கு உண்டோ நிறபேதம்?

அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டத்தைக் கண்டவர் அறிவர், பந்தலின்றிக் கொடி படராது என்பதை. விழா வந்தால் ஊர்க்கூடத்திலும் பந்தல்தான். கழி நட்டுக் கயிறு கட்டும் தோழர்கள் நம்மிலே பலர். அந்தக் கைத்தொழிலைச் சிறுவர்க்கான கல்வியாக்கிய ஒருவரின் கதையை இன்று சொல்கிறோம்.

அவர் பேடன் பவல். 1857-ல் இலண்டனில் பிறந்தார். மூன்று வயதிலே தந்தையை இழந்தார். 1876-ல் படையதிகாரியாக இந்தியா வந்தார். தென்னாப்பிரிக்காவில், மாஃபெகிங் நகரில் 217 நாள் முற்றுகையைத் தாங்கிப் புகழ் பெற்றார். ஏகாதிபத்தியத்தின் வாள் அவர், மறுப்பதற்கில்லை!

ஆனால் 1907-ல் அந்த வாள் ஓய்ந்தது, கயிறு பேசிற்று! பிரவுன்சித் தீவிலே, சீமான் வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கூடாரத்தில் தங்க வைத்தார். சாரணர் இயக்கம் பிறந்தது. கழியோடு கழியைக் குறுக்கே வைத்து, மும்முறை சுற்றி, இடையே இருமுறை இறுக்கி முடிச்சிட்டால், ஆணியின்றியே பாலம் எழும், கோபுரம் எழும். ஒருவன் கழியைப் பிடிக்க, ஒருவன் கயிற்றை இழுக்க வேண்டும். பிடித்தவன் பிரபுவின் மகனா, பாட்டாளி மகனா? முடிச்சு கேட்பதில்லை!

முடிச்சு கேட்கவில்லை, முதலாளித்துவ வெள்ளையாட்சி கேட்டது! 1909-ல் பெங்களூரில் சாரணர் படை தொடங்கியபோது, இடம் வெள்ளையர், ஆங்கிலோ-இந்தியர் பிள்ளைகளுக்கே. மண்ணின் மைந்தன் வாயிலுக்கு வெளியே! தலைகுனிந்தா நின்றான்? இல்லை. 1917-ல் சென்னையிலே அன்னி பெசண்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் கண்டார். தலைப்பாகை அணிந்த நம் பிள்ளைகளும் அதே கழியை ஏந்தினர், அதே முடிச்சை இட்டனர். 1921-ல் பேடன் பவலே இந்தியாவுக்கு வந்தார். அந்தச் சங்கம் அவரது இயக்கத்தோடு இணைந்தது. கதவு தானாகத் திறக்கவில்லை, தோழர்களே, தட்டித் திறக்கப்பட்டது!

1941 சனவரி 8-ல் கென்யா நாட்டு நியேரியில், 83 வயதில் அவர் மறைந்தார். 1950-ல் விடுதலை பெற்ற நாட்டிலே பிரிந்து கிடந்த சங்கங்கள் ஒன்றாயின.

போற்றுவதா, தூற்றுவதா? அவர் தந்த கயிற்றைப் போற்றுவோம். அதைப் பங்கிட மறுத்த ஆணவத்தை மறவோம். தனிக்கழி சாயும், கட்டிய கழி தாங்கும். அடுத்த பந்தலை எழுப்பும்போது, பக்கத்துத் தெருச் சிறுவனையும் அழைத்துக் கயிற்றின் மறுமுனையை அவன் கையிலே கொடுங்கள். எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள்!