மஞ்சள் முகப் புலி

சீனத்துத் தற்காப்புக் கலை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருபவர் புரூஸ் லீ. அவர் 1972இல் நடித்த ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி என்ற படம் தொடங்கும்போதே ஒரு குரு இறந்து போயிருக்கிறார். அவருடைய மரணத்துக்குப் பழி வாங்குவதுதான் படம் முழுவதும். பெயர் மட்டுமே பேசப்படும் அந்தக் குரு உண்மையில் வாழ்ந்த மனிதர். ஹுவோ யுவான்ஜியா என்பது அவர் பெயர். 1868இல் பிறந்து 1910இல், 42 வயதில் இறந்தார்.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அவர் சின்ன வயதில் நோஞ்சான் பிள்ளை. நானும் அப்படித்தான். ஐந்து வயதிலிருந்து எனக்கு இழுப்பு. இல்ல விளையாட்டுப் போட்டி வரும் ஒவ்வொரு வருடமும் நான் புள்ளி எழுதும் மேசையில்தான் இருப்பேன். நோயோடு பிறந்த ஒருவர் எப்படிச் சீனத்தின் பெயர் பெற்ற வீரரானார் என்று அறிய ஆசைப்பட்டு, முதலில் ஒரு ஏஐ செயலியிடம் கேட்டேன்.

அழகான தமிழில் பதில் வந்தது. அவருடைய தாயும் மகளும் கொலை செய்யப்பட்டார்கள், கடைசி நாளில் அவர் நான்கு வெளிநாட்டு வீரர்களோடு ஒரே மேடையில் மோதினார், நஞ்சு கலந்த தேநீரைக் குடித்து மேடையிலேயே சாய்ந்தார், சென் ஜென் என்ற மாணவர் பழி தீர்த்தார் என்று போனது அது. வாசிக்கும்போது கண் கலங்கியது. ஆனால் உயர்தரத்துக்கு வரலாறு படிப்பவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இதை யார் சொன்னார், எப்போது சொன்னார், அவர் அங்கே இருந்தாரா என்று கேட்கத் தோன்றும். சென் ஜென் எந்த ஆண்டில் பிறந்தார் என்று கேட்டேன். தயங்காமல் ஓர் ஆண்டைத் தந்தது. அவர் உண்மையான மனிதரா என்று மறுபடி கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் திரைப்படத்துக்காக உருவாக்கப்பட்ட பாத்திரம் என்றது. நான்கு வீரர்களோடு மோதிய காட்சியும் 2006இல் ஜெட் லீ நடித்த ஃபியர்லெஸ் படத்தில் வருவதுதான். உண்மையான ஹுவோவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகளும் மூன்று பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். குடும்பமே அழிந்ததாகக் காட்டியதைப் பொறுக்க முடியாமல் அவருடைய சந்ததியினர் அந்தப் படத்துக்கு எதிராக நீதிமன்றம் வரை போனார்கள். உயிரோடு இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அதன் பிறகு கேள்விகளை மாற்றிக் கேட்டேன். இது படமா வாழ்க்கையா, எழுதியவர் அவரைக் கண்டவரா என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன். மற்ற இடங்களிலும் தேடி ஒப்பிட்டேன். அப்படிப் பார்த்தபோது எஞ்சிய வாழ்க்கை சினிமாவை விடச் சின்னது. எனக்கு அதுதான் கூடப் பிடித்தது.

தியான்ஜின் நகருக்கு அருகே சியாவோநான்ஹே என்ற கிராமம். ஹுவோவின் தந்தை ஹுவோ என்டி விவசாயி. வியாபாரிகளின் சரக்கு வண்டிகளுக்குக் காவலாக வடக்கே மஞ்சூரியா வரை போய் வருபவர். வழியெல்லாம் கொள்ளையர் பயம் இருந்த காலம் அது. ஆகவே கைவீச்சும் காலடியும் அந்த வீட்டுக்குச் சோறு போட்ட தொழில். மிசோங் என்பது அவர்களுடைய பரம்பரைக் கலை. தடம் தெரியாமல் செய்வது என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். காலடிகளால் எதிரியை ஏமாற்றி, எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரியாமல் செய்வது அதன் முறை.

பத்துப் பிள்ளைகளில் ஹுவோ நான்காவது. அடிக்கடி நோயில் விழும் பிள்ளை. சகோதரர்களுக்குக் கலையைச் சொல்லிக் கொடுத்த தந்தை இவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. மெலிந்த பிள்ளை தோற்றால் குடும்பத்தின் பெயர் கெடும் என்று நினைத்தார் என்கிறார்கள். பிள்ளையின் உடம்புக்கு ஆகாது என்ற பயமும் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நடக்கலாம், நீந்தலாம், மெதுவாக ஓடவும் செய்யலாம் என்று வைத்தியர் சொல்லிப் பல வருடமாகிறது. வாப்பாவுக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை. இந்த இதழை அவர் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பவர் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

ஹுவோ மறைந்திருந்து பார்த்துக் கற்றார் என்பது ஊர் வழக்கு. பகலில் தந்தை சகோதரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து வைத்து, யாரும் வராத தோப்பில் தனியாகப் பழகினாராம். பல வருடங்களுக்குப் பிறகு வெளியூர் வீரன் ஒருவன் வந்து அண்ணன் தம்பியரில் ஒருவரைத் தோற்கடித்தபோது இவர் முன்னே வந்து அவனை வீழ்த்தினார் என்றும், அதன் பிறகே தந்தை முறையாகக் கற்றுக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். இப்படி ஒரு கதை பல நாட்டு வீரர்களுக்கும் இருக்கிறது என்பதால் இதை அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நோயாளி என்பதற்கு நல்ல சாட்சி உண்டு. அவரோடு பழகிய சென் கொங்ஜே என்ற இளைஞர் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில், ஹுவோ இளமையில் செய்த கடுமையான மூச்சுப் பயிற்சியால் நுரையீரல் பழுதடைந்து இரத்தம் கக்கியவர் என்றும், அதனால் முகம் மெழுகு போல மஞ்சளித்துப் போனது என்றும் குறிப்பிடுகிறார். மஞ்சள் முகப் புலி என்ற பட்டப்பெயர் அதனால்தான் வந்ததாம். பட்டப்பெயரில் நோயும் வீரமும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள்.

வளர்ந்த பிறகு அவர் ஏதோ அரண்மனையில் வேலை பார்த்தவர் அல்லர். தியான்ஜின் நகரில் மூட்டை சுமந்தார். நம்முடைய புறக்கோட்டையில் நாட்டாமைகள் செய்யும் அதே வேலை. அங்கே ஒரு மருந்துக் களஞ்சியத்தை நடத்திய நோங் ஜின்சுன் என்பவர் இவருக்கு உற்ற நண்பரானார். படித்தவர், நாட்டு நடப்பு தெரிந்தவர். ஹுவோவின் கையில் பலம் இருந்தது, நோங் அதற்கு ஒரு திசை காட்டினார்.

அப்போது சீனா அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்தது. அபின் யுத்தங்களில் தோல்வி, 1895இல் ஜப்பானிடம் தோல்வி, துறைமுக நகரங்களில் வெளிநாட்டாரின் ஆட்சி. உஸ்மானியப் பேரரசை ஐரோப்பாவின் நோயாளி என்று மேலைநாட்டார் கேலி செய்தது நமக்குத் தெரியும். அதே சொல்லைச் சீனாவின் மேலும் சுமத்தினார்கள். கிழக்காசியாவின் நோயாளி என்ற அந்த ஏளனம் சீன இளைஞர்களை உறுத்தியது.

1909 அளவில் ஓபிரையன் என்ற மேலைநாட்டுப் பலசாலி ஷாங்காய் மேடையில் வித்தை காட்டிச் சீனரைச் சவாலுக்கு அழைத்ததாகச் செய்தி பரவியது. நகரத்துப் பிரமுகர்கள் ஹுவோவை வரவழைத்தார்கள். அவரோடு நோங்கும், லியு ஜென்ஷெங் என்ற மாணவரும் வந்தார்கள். எந்த விதிகளின்படி மோதுவது என்பதில் இழுபறி நடந்தது. கடைசியில் ஷாங் தோட்டத்தில் மேடை தயாராகியும் ஓபிரையன் வரவில்லை. சினிமா எடுப்பவருக்கு இது பெரிய ஏமாற்றம்தான். ஹுவோவின் வாழ்க்கையில் மிகப் புகழ் பெற்ற சண்டை நடக்கவே இல்லை!

ஆனால் மேடையைச் சுற்றித் திரண்ட கூட்டம் வீணாகவில்லை. 1910 நடுப்பகுதியில் ஷாங்காயில் ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். ஜிங்வு என்பது அதன் பெயர். ஹுவோதான் தலைமை ஆசிரியர். அதுவரை இக்கலைகளைத் தகப்பன் மகனுக்கும் குரு தேர்ந்தெடுத்த சீடனுக்கும் மட்டுமே சொல்லிக் கொடுப்பார்கள். ஜிங்வுவில் கடைச் சிப்பந்தியும் மாணவனும் பெயர் பதிந்து, மற்றவர்களோடு வரிசையில் நின்று பழகலாம். தோப்பில் ஒளிந்து கற்றவர் என்ற கதை உண்மையென்றால், அவர் இப்படிக் கதவைத் திறந்தது எனக்கு ஆச்சரியமில்லை.

பள்ளி தொடங்கி மூன்று மாதம்கூட அவர் இருக்கவில்லை. நெஞ்சு நோய் முற்றியது. ஒரு ஜப்பானிய வைத்தியரிடம் மருந்து எடுத்தார். அக்காலத்தில் ஜப்பானிய யூடோ வீரர்களோடு ஒரு போட்டி நடந்து அது கைகலப்பில் முடிந்ததால், அவர் இறந்ததும் நஞ்சு வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. 1989இல் அவருடைய எலும்புகளை எடுத்து மறுபடி அடக்கம் செய்தபோது ஆர்செனிக் இருந்ததாகச் சொன்னார்கள். அக்கால மருந்துகளிலேயே ஆர்செனிக் சேர்ப்பது வழக்கம். ஆகவே அதை வைத்துக் கொலை என்று தீர்ப்பெழுத முடியாது. ஏஐயும் படங்களும் இந்த இடத்தில்தான் மிக உறுதியாகப் பேசுகின்றன. 1920களிலேயே ஒரு நாவலாசிரியர் அவரை வீரக் கதாநாயகனாக்கி எழுதிவிட்டார், அந்தக் கதைகளின் மேல்தான் பின்னால் வந்தவர்கள் கட்டினார்கள்.

அவர் போன பின் பள்ளி மூடியிருக்க வேண்டும். சென் கொங்ஜேயும் அவருடைய இரண்டு நண்பர்களும் தங்கள் பணத்தைப் போட்டுக் காப்பாற்றினார்கள். வெவ்வேறு பாணி ஆசிரியர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்து, எல்லோருக்கும் பொதுவாகப் பத்துப் பயிற்சிகளை வகுத்தார்கள். அவற்றில் முதலாவது தான்துயி என்ற உதைப் பயிற்சி. இது சீனத்து ஹுய் முஸ்லிம்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த கலை என்று அங்கே பெயர் பெற்றது. ஹுவோவின் ஊருக்குத் தெற்கே சாங்ஜோவில் பிறந்த வாங் சிபிங் என்ற ஹுய் முஸ்லிம் வீரரின் வாழ்க்கை இன்னும் சுவையானது. இடம் கிடைத்தால் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

பெண்களையும் ஜிங்வு சேர்த்தது. பாதங்களைக் கட்டிச் சிறுமிகளை நடக்க முடியாமல் செய்யும் வழக்கம் சீனாவில் முற்றாக ஒழிந்திராத காலம் அது. சென் கொங்ஜேயின் சகோதரி சென் ஷிச்சாவோ மகளிர் பிரிவை நடத்தினார். 1920இல் ஜிங்வு ஐந்து தூதுவர்களைத் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பியபோது அவர்களில் ஒருவர் இந்தப் பெண். சைகோன், சிங்கப்பூர், மலாயா, ஜாவா என்று போய் அங்குள்ள சீனரிடம் கலையை விளக்கினார்கள். மறு வருடமே சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கிளைகள் தோன்றின. ஹுவோவின் மகன் டொங்கே 1920களில் இந்தோனேசியாவுக்குக் கற்பிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார். கோலாலம்பூரில் சீனக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேட்டில் 1953இல் கட்டிய ஜிங்வு விளையாட்டரங்கு இன்றும் இருக்கிறது. அங்கே நீச்சல் தடாகமும் உண்டு.