ராமானுஜன்: நண்பர்களோடு புதிர் போட்ட துறைமுகக் கிராணி

ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஐந்து பேர் கூடுவது வழக்கம். தே தாரிக் வரும். கூடவே யாராவது ஒரு புதிரும் கொண்டுவருவார்கள். தோட்டத்தில் வளர்ந்த நண்பர் ஒருவர் அண்மையில் போட்ட புதிர் இது. நீளமான ஒரு தெரு. ஒரே வரிசையில் வீடுகள். 1, 2, 3 என்று எண்கள். அங்கே குடியிருக்கும் ஒருவர் தம் வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களையெல்லாம் கூட்டுகிறார். வலப்பக்கம் உள்ளவற்றையும் கூட்டுகிறார். இரண்டும் ஒரே தொகை. தெருவில் 50க்கு மேல், 500க்குக் குறைவான வீடுகள். அவருடைய வீட்டு எண் என்ன?

பில் காகிதத்தின் பின்புறம் போட்டுப் பார்த்தோம். எட்டு வீடுகள் என்றால் 6ஆம் எண் வீடு. 1 முதல் 5 வரை கூட்டினால் 15. 7ஐயும் 8ஐயும் கூட்டினாலும் 15. உற்சாகமாகத் தொடர்ந்தோம். அடுத்து 49 வீட்டுத் தெருவில் 35ஆம் எண் வந்தது. ஆனால் ஐம்பதுக்கு மேல் வேண்டுமே! கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கிய பிறகுதான், கைப்பேசியின் தயவால் விடை கிடைத்தது: 288 வீடுகள், 204ஆம் எண்.

இதே புதிருக்கு, அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே விடை சொன்னவர் ஸ்ரீனிவாச ராமானுஜன் என்று நண்பர் அதன் பிறகு சொன்னார். அன்றிரவு வீட்டுக்குப் போய் அவர் வரலாற்றை மறுபடி புரட்டினேன். தனிமையில் அமர்ந்து, கனவில் நாமகிரித் தாயார் அருளியதை எழுதிய மேதை என்றே நமக்கு அவரைச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது பாதிக் கதை என்பது என் எண்ணம். அவர் வாழ்க்கை முழுக்க எதிரே யாரோ ஒருவர் பலகையோடு உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் உட்கார்ந்தவர் அம்மா. 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்த ராமானுஜன் வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். அதே தஞ்சை மாவட்டத்து நாகப்பட்டினத்திலிருந்து நம் முன்னோர் பினாங்குக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா துணிக்கடையில் கணக்கெழுதியவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர். மகனோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுபவர். மூன்று புலி, பதினைந்து ஆடு. லயத்து வாசல் திண்ணையில் சுண்ணாம்பால் கோடு போட்டு நம் தாத்தாக்கள் ஆடிய அதே ஆட்டம்தான். வீட்டுச் செலவுக்காகக் கல்லூரி மாணவர்களை அம்மா தங்கவைத்திருந்தார். அவர்களிடம் இருந்த கணக்கு அறிவைப் பதினோரு வயதுக்குள் பையன் கேட்டுக் கேட்டே தீர்த்துவிட்டான்.

பள்ளியில் ஆசிரியர் ஒருவர், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று பழங்களை வைத்து விளக்கினாராம். பழமே இல்லை, ஆளே இல்லை என்றால் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று ராமானுஜன் கேட்டதாகக் கதை உண்டு. கதையோ நிஜமோ, அந்தப் பையனுக்கு அது பொருந்துகிறது. மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் பள்ளியின் கால அட்டவணையை ஒழுங்கு செய்யும் வேலையையே அவரிடம் கொடுத்தார். எந்த ஆசிரியரும் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் நிற்கக்கூடாது. எந்த வகுப்பும் ஆசிரியர் இல்லாமல் இருக்கக்கூடாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எத்தனை பெரிய புதிர் என்று சொல்வார்கள். குறுக்கிலும் நெடுக்கிலும் மூலைவிட்டத்திலும் ஒரே கூட்டுத்தொகை தரும் மாயச் சதுரங்கள் மேலும் அந்த வயதில் அவருக்குத் தீராத மோகம்.

பிறகு சறுக்கல். 1903இல் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான முடிவுகள், நிரூபணம் அநேகமாகக் கிடையாது. மற்றவர்களுக்கு அது தேர்வுக் கையேடு. ராமானுஜனுக்கு அது விடை மட்டும் அச்சிட்ட புதிர்ப் புத்தகம்! வழியை அவரே கண்டுபிடிக்கத் தொடங்கினார். மற்றப் பாடங்களைத் தொடவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, நம் எஸ்டிபிஎம் போன்ற எஃப்.ஏ. தேர்வில் மீண்டும் தோற்றார். 1907இல் இன்னொரு முறை எழுதியும் தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை.

ஆனால் பச்சையப்பனில் ஒரு துணை கிடைத்தது. கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார். (அபிதான சிந்தாமணி தொகுத்தவர் வேறொரு சிங்காரவேலு முதலியார், அவரும் பச்சையப்பன்காரர் என்பதால் தமிழ் படித்த நானே ஒரு காலத்தில் குழம்பியிருக்கிறேன்.) கணித இதழ்களில் வரும் கேள்விகளை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள்.

1909இல் ஜானகியுடன் திருமணம். வேலை தேடியே தீர வேண்டும். நண்பர்கள் அறையில் தங்கி, அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறினார். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ஒரு குமாஸ்தா வேலை கேட்டுப் போனவரின் நோட்டைப் பார்த்ததும், இவரை அந்த நாற்காலியில் அடைப்பது பாவம் என்று சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கடிதங்கள் கைமாறி, நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார்.

1911இல் கணிதக் கழக இதழில் ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு புதிர் போட்டார். ஒரு வர்க்கமூலக் குறி, உள்ளே 1ஐக் கூட்டு இரண்டு பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் 1ஐக் கூட்டு மூன்று பெருக்கல் இன்னொன்று, அதற்குள் நான்கு... முடிவே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். இதன் மதிப்பு என்ன? மூன்று இதழ்கள் வந்தன. யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3. வெறும் மூன்று!

பயப்படாமல் பாருங்கள். 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9 என்பது 1உடன் 2 பெருக்கல் 4ஐக் கூட்டியது. அந்த 4 என்பது 16இன் வர்க்கமூலம்; 16 என்பது 1உடன் 3 பெருக்கல் 5ஐக் கூட்டியது. அந்த 5 என்பது 25இன் வர்க்கமூலம். 25 என்பது 1உடன் 4 பெருக்கல் 6ஐக் கூட்டியது. இப்படியே இறங்கிக்கொண்டே போகலாம். எல்லாரும் வெளியிலிருந்து உள்ளே நுழையப் பார்த்தார்கள். அவர் எளிய எண்ணை எடுத்து, அதையே மடித்து மடித்துப் புதிராக்கியிருந்தார்.

1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் கிராணி வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய். குடியிருந்தது சைவ முத்தையா முதலி தெரு. அந்த வட்டாரத்தின் பெயரும் ஜார்ஜ் டவுன்தான். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் புறப்படும் துறைமுகத்தில் பகலெல்லாம் பேரேடு. இரவானால் மேலதிகாரி நாராயண ஐயர் வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு சிலேட்டில் கணக்கு. ராமானுஜன் துணியைத் தேடமாட்டார். முழங்கையாலேயே சிலேட்டை அழிப்பார். முழங்கை கறுத்துப் போயிருக்கும். இவர் இரண்டு வரியில் தாவிவிடும் இடத்தில் நடுவில் உள்ள படிகளை எழுதிக் காட்டும்படி நாராயண ஐயர் வற்புறுத்துவாராம். தனக்கே புரியாவிட்டால் வெளிநாட்டில் யாருக்குப் புரியும் என்பது அந்த நல்ல மனிதரின் கவலை. 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குப் போன புகழ்பெற்ற கடிதத்தின் பின்னால் அந்தச் சிலேட்டு இரவுகள் இருக்கின்றன.

1914 மார்ச் 17இல் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். டிரினிட்டி கல்லூரியில் இடம். அங்கே கிடைத்த நண்பர் வங்காளத்து மாணவர் மகலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். முதல் குளிர்காலத்தில் ஒருநாள் ராமானுஜன் அறைக்குப் போனபோது, கம்பளிகள் மடிப்புக் கலையாமல் கட்டிலில் கிடக்க, அவர் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிப் படுத்திருந்தது தெரியவந்தது. கம்பளிக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மகலனோபிஸ் பிரித்துக் காட்டினார்.

வீட்டு எண் புதிர் வந்தது அந்த டிசம்பரில்தான். ஸ்ட்ராண்ட் என்ற ஆங்கில மாத இதழில் புதிர்ப் பகுதி நடத்தியவர் ஹென்றி டூட்னி; அவரும் இளமையில் அரசாங்க எழுத்தர். ஜெர்மானியப் படை சற்று முன்புதான் எரித்திருந்த லூவான் என்ற பெல்ஜிய நகரத்துத் தெருவைப் புதிரில் வைத்திருந்தார். மதிய உணவுக்கு வந்த மகலனோபிஸ் சில நிமிடங்கள் போட்டுப் பார்த்து விடையைப் பிடித்துவிட்டார். பிறகு, அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜனுக்கு வாசித்துக் காட்டினார். அவர் கரண்டியை வைக்காமலே ஒரு தொடர் பின்னத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் 204 மட்டுமா இருந்தது? எத்தனை நீளமான தெருவுக்கும் உரிய விடைகள் எல்லாமே வரிசையாக இருந்தன.

பின்னம் வேண்டாம், அந்த வரிசையை நாமே கட்டிப் பார்க்கலாம். 1, 6 என்று தொடங்குங்கள். கடைசி எண்ணை ஆறால் பெருக்கி, அதற்கு முந்திய எண்ணைக் கழியுங்கள். 35 வரும். மறுபடி செய்தால் 204. அதற்கடுத்தது 1189, அதற்கு 1681 வீடுகள் கொண்ட தெரு வேண்டும். அப்படியொரு தெரு நம் தீவில் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு விடை கிடைத்ததும் நாங்கள் பில் கட்டிவிட்டு எழுந்துவிட்டோம். ராமானுஜனுக்கு ஒரு விடை போதவில்லை.

போர் நீண்டது. கணிதம் பேசிய பலர் போர்ப்பணிக்குப் போனார்கள். சைவ உணவுக்கான பொருள் கிடைப்பது அரிதானது. 1917இல் படுத்தவர் மருத்துவமனை மருத்துவமனையாக மாறினார். ஹார்டி வாடகை வண்டியில் பார்க்க வந்த 1729 கதை அனைவரும் அறிந்தது. இரண்டு வகையில் இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக வரும் மிகச் சிறிய எண் அது. 1, 12, அல்லது 9, 10. அந்த இயல்பை அவர் முன்பே தம் நோட்டில் கண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். உடம்பு மட்டும் தேறவில்லை.

1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். வலி தாங்காதபோதும் ஜானகியிடம் காகிதம் கேட்பார். இறப்பதற்கு நான்கு நாள் முன்புவரை எழுதியதாக அந்த அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1920 ஏப்ரல் 26இல் சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

கடல் தாண்டியவர், பரிகாரம் செய்யாதவர் என்று உறவினர் பலர் சாவுக்கு வரவில்லை. தகனத்துக்கு ஏற்பாடு செய்தவர், முன்பு மாதம் 25 ரூபாய் கொடுத்த அதே ராமச்சந்திர ராவ். ஜானகி திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். கடைசி வருடத்தில் அவர் எடுத்துக் கொடுத்த காகிதங்களில் நூற்றுக்கு மேற்பட்டவை இங்கிலாந்துக்குப் போய், டிரினிட்டி நூலகத்தில் யாரும் திறக்காமல் கிடந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதர் ஒரு பெட்டியிலிருந்து அவற்றை எடுத்தார். தாள் தாளாக விடைகள் இருந்தன. வழி எழுதப்படவில்லை.