குடல் அனுப்பிய தூது

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பசி நம்மைப் படாத பாடு படுத்தி விடுகிறது. டப்பாவைத் திறந்து உண்டு முடித்துக் கை கழுவும்போது அந்தப் பசி போன இடம் தெரியவில்லை. ஆனால் உண்ட சோற்றில் பெரும்பகுதி அப்போது இரைப்பையிலேயே கிடக்கிறது. இரத்தத்தில் இன்னும் சேரவில்லை. அப்படியானால் போதும் என்று உள்ளே சொன்னது யார்? இந்தக் கேள்விக்கு வழி திறந்து வைத்தவர்களுள் ஒருவர் எர்னஸ்ட் ஹென்றி ஸ்டார்லிங்.

இவர் 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை நம் நாட்டில், பம்பாயில், நீதிமன்றப் பணியில் இருந்தார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் விடுமுறையில் வீடு வருவார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பொறுப்பு தாயினுடையது. ஸ்டார்லிங் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்று, 1899இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் உடலியல் பேராசிரியரானார். அங்கே அவருடன் ஆராய்ந்தவர் வில்லியம் பேலிஸ். இவர் நிதானத்தின் வடிவம், ஸ்டார்லிங்கோ அவசரக்காரர். பேலிஸ் 1893இல் ஸ்டார்லிங்கின் சகோதரி கெர்ட்ரூடை மணந்திருந்ததால் இருவரும் மைத்துனர்கள்கூட. மச்சான்கள் இருவர் ஒரே மேசையில் சண்டையின்றி இத்தனை ஆண்டுகள் வேலை செய்ததே ஓர் அதிசயந்தான்!

இரைப்பையின் அமிலம் சிறுகுடலுக்குள் இறங்கியதும் கணையம் தன் செரிமான நீரைச் சுரக்கிறது. குடலில் நடப்பது கணையத்துக்கு எப்படித் தெரிகிறது? நரம்புகள் வழியாகத்தான் என்று ரஷ்யப் பேரறிஞர் பாவ்லோவ் கருதினார். அறிஞர் உலகமும் அதை ஏற்றிருந்தது.

1902 ஜனவரி 16 அன்று மைத்துனர்கள் இருவரும், மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டைத் தனியே பிரித்து, அதற்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் அறுத்தார்கள். இரத்தக் குழாய்களை மட்டும் விட்டு வைத்தார்கள். பிறகு அந்தத் துண்டுக்குள் அமிலத்தை விட்டார்கள். தந்திக் கம்பியை அறுத்த பிறகும் தந்தி போய்ச் சேர்ந்தது! கணையநீர் சொட்டத் தொடங்கியது. அமிலத்தை நேரே இரத்தத்தில் செலுத்தினால் கணையம் சுரப்பதில்லை என்பது முன்பே தெரியும். எனவே குடல் சுவரே ஏதோ ஒரு பொருளை உண்டாக்கி இரத்தத்தில் அனுப்பியிருக்க வேண்டும். ஸ்டார்லிங் உடனே குடலின் உட்சுவரைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் இரத்தக் குழாயில் செலுத்தினார். கணையம் மீண்டும் சுரந்தது. அந்தப் பொருளுக்குச் செக்ரிட்டின் என்று பெயரிட்டார்கள். பாவ்லோவின் சோதனைக்கூடத்திலும் இதைச் செய்து பார்த்தார்கள். உண்மைதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டார்லிங்குக்கு அது கடைசி வரை கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 1903இல் பேலிஸ் செய்த ஒரு செயல்விளக்கத்தைக் கண்ட இரண்டு ஸ்வீடன் நாட்டுப் பெண்கள், அங்கிருந்த பழுப்பு நிற நாய் சரியாக மயக்கப்படாமல் வதைபட்டதாக எழுதினார்கள். அதையே மேடையில் பேசியவர் மீது பேலிஸ் வழக்குத் தொடர்ந்து வென்றார். நஷ்டஈடான 2,000 பவுனைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். ஆனால் ஒரே பிராணியை இரு சோதனைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற சட்டம் இருந்தும், அந்த நாயைத் தாம் முன்பே ஒருமுறை அறுத்திருந்ததை ஸ்டார்லிங் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1906இல் அந்த நாய்க்கு லண்டன் பேட்டர்ஸியில் சிலையே எழுந்தது. இன்று இன்சுலின் போட்டுக்கொண்டு வாழும் கோடிக்கணக்கானோரை நினைத்தால் இத்தகைய ஆராய்ச்சியைப் பழிக்க முடியவில்லை. வாயில்லாப் பிராணிக்காக வாதாடிய அந்தப் பெண்களை ஏளனம் செய்யவும் எனக்கு மனம் வரவில்லை.

1905இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஸ்டார்லிங் இத்தகைய இரத்தத் தூதுவர்களுக்கு, தூண்டுதல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து ஹார்மோன் என்ற பொதுப்பெயரை வழங்கினார். நம் பாடப்புத்தகத்தில் உள்ள சொல் அன்று பிறந்ததுதான். குடல் சுவரில் ஆங்காங்கே ருசி பார்க்கும் செல்கள் இருப்பது பின்னர் தெரிய வந்தது. கொழுப்பும் புரதமும் வந்தால் ஒரு ஹார்மோன் புறப்பட்டுப் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. மூளைக்குப் போதும் என்ற செய்தியையும் அனுப்புகிறது. இச்செய்தி பெரும்பாலும் செல்வது வேகஸ் நரம்பின் வழியே. ஆகவே பாவ்லோவும் முழுவதும் தோற்கவில்லை! சர்க்கரை வந்தால் ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோன் இன்சுலினைச் சுரக்கச் சொல்கிறது. அதைப் போலச் செய்த மருந்துகள் 2005 முதல் நீரிழிவு நோயாளிகளுக்குக் கிடைத்து வருகின்றன. வெறும் வயிற்றிலிருந்து எழும் பசி ஹார்மோனான கிரெலினை ஜப்பானியர் 1999இல் கண்டறிந்தனர்.

முதல் உலகப்போரின்போது உணவுப் பங்கீடு பற்றி அரசுக்கு ஆலோசனை கூறிய ஸ்டார்லிங், 1919இல் தோற்றுப்போன ஜெர்மனிக்குச் சென்று, எதிரி நாட்டு மக்கள் பட்டினியால் நலிந்திருந்ததைப் பார்த்து அறிக்கை எழுதினார். மறு ஆண்டு, குடலை ஆராய்ந்த அவருக்கே குடலில் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின்னும் சோதனைக்கூடத்தை விடவில்லை. உடல்நலம் தேடி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறியவர், 1927 மே 2 அன்று கப்பல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தை நெருங்கும் வேளையில் இறந்தார். அவரை அவ்வூரிலேயே அடக்கம் செய்தார்கள்.